இலையுதிர் காலத்தில் காலிப் பாத்தி: கொத்திப் போடுவதா, விதைப்பதா, மூடுவதா, நடுவதா?

தக்காளி, வெள்ளரி, பீன்ஸ் எல்லாம் ஓய்ந்து, இரவுக் குளிர் ஏறத் தொடங்கும்போது தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே யோசனைதான். காலியாகும் பாத்திகளை என்ன செய்வது? வழிகள் நான்கு இருக்கின்றன. மண்ணைக் கொத்திப் புரட்டி அப்படியே விடலாம். மண்ணுக்காகவே ஒரு மூடுபயிரை விதைக்கலாம். கம்போஸ்டும் சருகும் போட்டு மூடிவிடலாம். குளிர் தாங்கும் பயிர் எதையாவது நடலாம்.

இதில் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் வேறொன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: குளிர் போன பிறகு அந்தப் பாத்தியில் முதலில் வரப்போவது எது? மண்ணில் கை வைக்க முடிந்த உடனே பட்டாணி விதைக்கப் போகிறீர்களா, அல்லது மண் நன்றாகச் சூடான பிறகு தக்காளி நாற்று நடப் போகிறீர்களா? இரண்டுக்கும் நடுவே ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி இருக்கிறது. மேலே சொன்ன நான்கு வழிகளில் எது ஒத்துவரும் என்பதை அந்த இடைவெளிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பலரும் கடையில் விதைப் பொட்டலத்தைப் பார்த்து இப்போதைக்கு முடிவெடுக்கிறார்கள். அப்புறம் வசந்தத்தில், நட வேண்டிய நேரத்தில், முழங்கால் உயரப் புல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாவதாகத் தெரிந்திருக்க வேண்டியது, உங்கள் பகுதியில் முதல் உறைபனி வழக்கமாக எப்போது விழும் என்பது. இனி வரும் வாரக் கணக்கெல்லாம் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பழைய செடிகளை முதலில் எடுத்தாக வேண்டும். வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டி எடுங்கள். உள்ளே இருக்கும் வேர் மக்கி, தண்ணீரும் காற்றும் இறங்க வழிவிடும். நோய் வந்த செடிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. தக்காளி இலையில் வட்ட வட்டமாகக் கரும்புள்ளி விழும் இலைக்கருகல் நோயின் பூஞ்சை, விழுந்து கிடக்கும் இலைதண்டுகளில் குளிர்காலத்தைக் கடந்துவிடும். வீட்டுக் கம்போஸ்ட் குவியல் பொதுவாக அதைக் கொல்லும் அளவுக்குச் சூடாவதில்லை. ஆகவே அந்தக் குப்பை தோட்டத்தை விட்டே வெளியே போகட்டும்.

கொத்திப் போடுவது

பழைய முறை இது. இதற்கும் ஒரு நியாயம் உண்டு. களிமண்ணைப் பெரிய கட்டிகளாகப் புரட்டிப் போட்டால், உள்ளிருக்கும் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைந்து கட்டிகளை உடைத்துவிடும். வசந்தத்தில் மண் பொலபொலவென்று கையில் வரும். மூடாக்கு இல்லாத மண் சீக்கிரம் சூடாகவும் செய்யும்.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை அதிகம். மண்ணிலிருக்கும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) செடி எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் பகுதி நைட்ரேட். அது எதிர்மின்னூட்டம் உடையது, களிமண் துகள்களும் அப்படியே. அதனால் மண்ணால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. பிடித்துக்கொள்ள வேரும் இல்லையென்றால் குளிர்கால மழையும் உருகும் பனியும் அதைக் கீழே கழுவிக்கொண்டு போய்விடும். கொத்தும்போது மண் காற்றோடு கலந்து, மக்கும் வேலை வேகமெடுத்து, இன்னும் நைட்ரேட் உருவாகிறது. எடுத்துக்கொள்ளச் செடி இல்லாத நேரத்தில் சத்தைத் திறந்துவிடுகிறோம். மழைத்துளி நேராக விழுந்து மேல்மண் இறுகுவதும், ஆழத்தில் உறங்கிக் கிடந்த களைவிதைகள் வெளிச்சத்துக்கு வருவதும் இதோடு சேர்ந்த தொல்லைகள்.

இரண்டு இடங்களில் மட்டும் கொத்துவதற்கு நான் சம்மதிப்பேன். ஒன்று, புதிதாகத் தோட்டமாக்கும் இறுகிய களிமண் நிலம், அதுவும் முதல் தடவை மட்டும். இன்னொன்று, வேர்க்கிழங்கு விட்டுப் படரும் பல்லாண்டுக் களை நிறைந்த பாத்தி. அதைத் தோண்டித் துண்டு துண்டாகப் பொறுக்கத்தான் வேண்டும். அந்த இரண்டிலும்கூட, வேலை முடிந்ததும் மேலே ஏதாவது போட்டு மூடிவிடுவது நல்லது.

மூடுபயிர்

மண்ணை வளப்படுத்த மூடுபயிர் விதையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் எந்த மூடுபயிர் என்று சொல்லாமல் விட்டால் அந்த அறிவுரை பாதிதான். இவற்றில் இரண்டு இனம் உண்டு. ஒன்று, இலையுதிர் காலத்தில் வளர்ந்து, கடுங்குளிரில் தானாகவே செத்துப்போவது. ஓட்ஸ், தீவனப் பட்டாணி, நீள்வேர் விடும் தீவன முள்ளங்கி எல்லாம் இதில் சேரும். இன்னொன்று, குளிரைத் தாங்கி நின்று வசந்தத்தில் மறுபடி வேகமெடுப்பது. ரை என்ற தானியமும், வெட்ச் என்ற கொடிப்பயறும் இந்த வகை. கிரிம்சன் குளோவர் என்ற சிவப்புப் பூப் பயறும் குளிர் மிதமான இடங்களில் அப்படித்தான்.

மண்வெட்டியும் கையுமாக வேலை செய்கிற வீட்டுத் தோட்டக்காரருக்கு முதல் இனமே போதும் என்பது என் எண்ணம். ஓட்ஸை உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் விதைத்தால் கணுக்காலுக்கு மேலே வளர்ந்துவிடும். மிச்சமிருக்கும் நைட்ரேட்டைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கடுங்குளிர் வந்ததும் செத்து, பாத்தியின் மேல் வைக்கோல் பாய் போலப் படுத்துவிடும். வசந்தத்தில் அதை விலக்கிவிட்டு நேராக நடலாம். வெட்டுவது, புரட்டுவது எதுவும் வேண்டாம். தீவன முள்ளங்கி மண்ணில் ஆழமாகத் துளையிட்டு, செத்தபின் அந்தத் துளையைத் தண்ணீருக்கு வழியாக விட்டுப்போகும். இறுகிய மண்ணில் ஓட்ஸோடு கலந்து விதைக்க ஏற்றது. கரைகிற நாட்களில் அழுகிய முட்டைக்கோஸ் வாடை கொஞ்சம் வரும், ஜன்னலோரப் பாத்தியில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். முள்ளங்கி முட்டைக்கோஸ் குடும்பம் என்பதால், அடுத்து அதே குடும்பத்துப் பயிர் வரும் பாத்திக்கும் வேண்டாம்.

இந்த இனத்துக்குக் குறை ஒன்றுதான்: நேரம். உறைபனிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஓட்ஸ் விதைத்தால் மண்ணை மூடும் அளவுக்கு வளராது. கோடைப் பயிர் தாமதமாக முடியும் பாத்திகளில், தக்காளி இன்னும் நிற்கும்போதே அதன் அடியில் விதையைத் தூவி மேல்மண்ணை லேசாகக் கீறிவிடலாம். செடியை வெட்டும்போது கீழே பசுமை வந்திருக்கும்.

ரை இந்த விஷயத்தில் வீரன். மண் உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தாலே முளைக்கும். ஓட்ஸுக்கு நேரம் கடந்த பிறகும் விதைக்கலாம். நைட்ரேட்டைப் பிடித்து வைப்பதில் இதற்கு இணையாக வேறு எதையும் சொல்ல முடியாது. வேர் அடர்த்தி அப்படி. சரிவான நிலத்தில், மண் அரித்துப் போகும் இடத்தில் நான் யோசிக்காமல் ரையைத்தான் சொல்வேன். சிக்கல் வசந்தத்தில் வருகிறது. இளம் ரையை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பூக்கும் பருவத்தில் வெட்டினால்தான் வெட்டோடு சாகும். அதுவரை காத்திருந்தால் வசந்தம் பாதி போய்விடும். முன்கூட்டியே முடிக்க வேண்டுமென்றால் ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது மண்ணோடு புரட்டி, இரண்டு மூன்று வாரமாவது விட வேண்டும். மக்கும்போது அது வெளிவிடும் வேதிப்பொருட்கள் சிறிய விதைகள் முளைப்பதைத் தடுக்கும். கேரட், லெட்யூஸ் விதைக்கும் பாத்தியில் ரை கூடாது என்பது அதனால்தான். தக்காளி, பூசணி போல நாற்றாக நடுபவற்றுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. முற்றிய தண்டைப் புரட்டினால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும், நட்ட செடி வெளிறும்.

வெட்ச், குளோவர் போன்ற பயறு வகைகள் வேர்முடிச்சுகளில் உள்ள பாக்டீரியாவின் துணையோடு காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்கின்றன. இது உண்மை. பலருக்குத் தெரியாதது, அந்தச் சேமிப்பில் பெரும்பகுதி வசந்தத்தில் செடி தழைத்து வளரும்போதுதான் நடக்கிறது என்பது. குளிர் முடிந்த உடனே வெட்டிவிட்டால் மூடாக்கு கிடைக்கும், எதிர்பார்த்த உரம் கிடைக்காது. பூ எடுக்கத் தொடங்கும்வரை விட்டு வெட்டினால் நிறையக் கிடைக்கும். ஆகவே கடைசியாக நடப்படும் பாத்திகளுக்கு, அதாவது தக்காளி, மிளகாய், பூசணிக்கு மட்டும் வெட்ச் பொருத்தம். விதை முற்றவிட்டுவிடாதீர்கள். சில விதைகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்து களையாக வரும்.

சருகும் கம்போஸ்டும்

என் கட்சி இதுதான். கோடைப் பயிர் தாமதமாக முடிந்துவிட்டது, உறைபனி நெருங்கிவிட்டது, விதைக்க நேரமில்லை. பெரும்பாலான வீட்டுப் பாத்திகளின் நிலைமை இது. அப்போது இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் கம்போஸ்டைப் பரப்பி, அதன் மேல் ஒரு சாண் கனத்துக்கு நொறுக்கிய சருகைப் போட்டு மூடினால் போதும். மண்புழுக்கள் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். மண் உறையும்வரை அவை மேலே வந்து இலையை இழுத்துக்கொண்டு போகும்.

சருகை நொறுக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அகலமான இலைகளை முழுதாகப் போட்டால் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, தகடு மாதிரி ஆகிவிடும். காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. புல்வெட்டும் இயந்திரத்தை அதன் மேல் இரண்டு முறை ஓட்டினால் நொறுங்கிவிடும். கூடவே கொஞ்சம் புல்லும் கலந்தால் இன்னும் நல்லது.

சருகு தழைச்சத்தைத் திருடிவிடும் என்று ஒரு பயம் உண்டு. சருகில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. ஆகவே மண்ணோடு கலந்து புதைத்தால் அந்தப் பயம் நியாயமானது. மேலே பரப்பினால் அப்படி நடப்பது மண்ணும் சருகும் தொட்டுக்கொள்ளும் மெல்லிய அடுக்கில் மட்டும்தான், வேர்கள் இருக்கும் ஆழத்தை அது தொடாது. ஆகவே புதைக்காதீர்கள், பரப்புங்கள். ஓக் இலை மண்ணைப் புளிக்க வைத்துவிடும் என்பதற்கும் கவலைப்பட வேண்டாம், மக்கிய பிறகு அது கிட்டத்தட்ட நடுநிலைக்கு வந்துவிடும். கருப்பு வால்நட் மரத்தின் இலையை மட்டும் காய்கறிப் பாத்தியில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஜுக்லோன் என்ற பொருள் தக்காளிக் குடும்பத்துச் செடிகளை வாட்டும்.

சருகு கிடைக்காதவர்கள் வைக்கோல் போடலாம். ஆனால் வாங்குமுன் ஒன்று கேளுங்கள்: அந்த வயலில் என்ன களைக்கொல்லி அடித்தார்கள்? அமினோபைரலிட் போன்ற சில களைக்கொல்லிகள் வைக்கோலிலும் காய்ந்த புல்லிலும் தங்கும். மாடு, குதிரை தின்று சாணமாக வந்த பிறகும், கம்போஸ்ட் ஆன பிறகும்கூட மிஞ்சியிருக்கும். தக்காளியும் பீன்ஸும் நுனி சுருண்டு, முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். யாரும் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால், அந்த எருவைக் கொஞ்சம் மண்ணோடு கலந்து ஒரு தொட்டியில் பீன்ஸ் விதைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் புதிய இலைகள் நேராக வந்தால் பயமில்லை. ஒரு தோட்டத்தைப் பல பருவங்களுக்குக் கெடுக்கக்கூடிய விஷயம் என்பதால் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடவே கூடாது.

மக்காத பச்சைச் சாணம் போடுவதென்றால் அதற்கு ஏற்ற நேரம் இலையுதிர் காலம்தான். நோய்க்கிருமிகள் சாக நாள் வேண்டும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளின்படி, மண்ணைத் தொடும் காய்கறியாக இருந்தால் அறுவடைக்கு 120 நாளாவது முன்னால் அதை மண்ணோடு கலந்திருக்க வேண்டும், தொடாதவற்றுக்கு 90 நாள். வசந்தத்தில் போட்டால் முள்ளங்கிக்கும் கீரைக்கும் இந்தக் கணக்கு இடிக்கும். இலையுதிர் காலத்தில் போட்டால் தானாகவே தீர்ந்துவிடும்.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். மூடாக்கின் கீழே மண் தாமதமாகத்தான் சூடாகும், ஈரமும் விடாது. சீக்கிரம் விதைக்கும் பட்டாணி, கேரட் பாத்தியில் இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே சருகை ஒதுக்கிவிட வேண்டும். ஓடில்லா நத்தைகளும் அதன் கீழே சுகமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும். நத்தைத் தொல்லை உள்ள தோட்டங்களில், இளங்கீரை விதைக்கும் பாத்திக்கு மேலே கம்போஸ்ட் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்வது மேல்.

நடுவது

இலையுதிர் கால நடவு என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. குளிருக்குள் அறுவடை செய்ய நடுவது ஒன்று. குளிரைத் தாண்டி வசந்தத்தில் எடுக்க நடுவது இன்னொன்று. அடுத்த கோடையில் எடுக்க நடுவது மூன்றாவது.

முதலாவதில் ஏமாறுபவர்கள் அதிகம். முள்ளங்கி 30 நாள், ஸ்பினாச் 45 நாள் என்று விதைப் பொட்டலத்தில் போட்டிருப்பது நாள் நீளமாக இருக்கும் பருவத்தின் கணக்கு. இப்போது வெளிச்சம் நாளுக்கு நாள் குறைகிறது. அந்தக் கணக்கோடு இரண்டு வாரம் கூட்டி, உறைபனித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பகல் 10 மணி நேரத்துக்கும் குறைந்துவிட்டால் செடிகள் வளர்வது ஏறக்குறைய நின்றே போகும். அதற்குள் முழு அளவுக்கு வந்தவை அப்படியே பச்சையாக நிற்கும், வேண்டும்போது பறிக்கலாம். கேல், கேரட் போன்றவை குளிரில் தங்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும், திசுக்களில் நீர் உறையாமல் இருக்க. உறைபனி பட்ட பிறகு அவை இனிப்பது அதனால்தான். வளைவுக் கம்பிகளின் மேல் மெல்லிய மூடுதுணி போட்டால் இரண்டு மூன்று டிகிரி பாதுகாப்பு கிடைக்கும், சில வாரங்கள் கூடுதலாகப் பறிக்கலாம்.

வசந்த அறுவடைக்கு ஸ்பினாச்சை மிஞ்ச எதுவும் இல்லை. உறைபனிக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்னால் விதைத்து, சின்னச் செடியாகவே குளிருக்குள் அனுப்புங்கள். மேலே லேசாக வைக்கோல் போதும். பனி விலகியதும், புதிதாக விதைத்த விதை முளைப்பதற்கு முன்பே, இது இலை தரத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, பூண்டு. இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு பயிர்தான் நட முடியும் என்றால் நான் சொல்வது பூண்டுதான். உழைப்புக் குறைவு, பூச்சித் தொல்லை குறைவு. மண் உறைவதற்கு மூன்று முதல் ஆறு வாரம் முன்னால், பெரிய பற்களாகப் பார்த்து, கூர்முனை மேலே இருக்கும்படி ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றி, வைக்கோலோ நொறுக்கிய சருகோ போட்டு மூடுங்கள். பூண்டு பல் பிரிவதற்குப் பல வாரக் குளிர் தேவை. அது கிடைக்காவிட்டால் ஒற்றைப் பல்லாகவே உருண்டு நின்றுவிடக்கூடும். வசந்தத்தில் நட்ட பூண்டு சிறுத்துப்போவதற்கு அது ஒரு காரணம்.

ஆனால் பூண்டு நட்ட பாத்தி அடுத்த கோடையின் நடுப்பகுதிவரை உங்கள் கையில் இல்லை. தக்காளிக்கு என்று வைத்திருக்கும் வெயில் பாத்தியைப் பூண்டுக்குக் கொடுத்துவிட்டால், வசந்தத்தில் தக்காளி நாற்றோடு இடம் தேடி அலைய வேண்டியதுதான். கோடைக் கடைசியில் கீரை, முள்ளங்கி, பீட்ரூட் விதைக்க நினைக்கும் பாத்தியைப் பூண்டுக்குக் கொடுங்கள், கணக்குச் சரியாக வரும். வெங்காயம் இருந்த பாத்தி மட்டும் வேண்டாம்.

குறுஞ்செடிகளும் மரக்கன்றுகளும் வாங்கி வைத்திருந்தால் அவற்றுக்கும் இது நல்ல பருவம். காற்று குளிர்ந்திருக்கும், மண்ணில் கோடைச் சூடு மிச்சமிருக்கும், இலை கேட்காத நேரத்தில் வேர் ஓடும். மண் சோதனைக்கும் இதுதான் நேரம். புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போட வேண்டுமென்றால் அது வேலை செய்யப் பல மாதம் எடுக்கும், வசந்தத்தில் நினைவு வந்து பயனில்லை.

எந்தப் பாத்திக்கு எது

வசந்தத்தில் முதலில் விதைக்கப்போகும் பாத்தி என்றால், நேரம் இருந்தால் ஓட்ஸ், இல்லையென்றால் கம்போஸ்ட் மட்டும், மேலே மெல்லிய சருகு. ரை வேண்டாம், கனமான மூடாக்கும் வேண்டாம். தக்காளி, மிளகாய், பூசணி வரும் பாத்திக்கு அவகாசம் நிறைய இருக்கிறது. வெட்சோ ரையோ இரண்டும் கலந்தோ விதைக்கலாம், ஆனால் வசந்தத்தில் சரியான வாரத்தில் வெட்டப் போவது உறுதியாக இருந்தால் மட்டும். வெட்ட நேரம் கிடைக்குமா என்று சந்தேகம் இருந்தால் சருகுக்குப் போய்விடுங்கள். சருகு ஒரு வாரம் தாமதித்ததற்காக உங்களைத் தண்டிக்காது. மணற்பாங்கான நிலத்தில் நைட்ரேட் மிக வேகமாக இறங்கிப்போகும் என்பதால், அங்கே உயிருள்ள வேர் ஏதாவது இருப்பதற்கு நான் முன்னுரிமை கொடுப்பேன். களிமண்ணில் சருகு பருவத்துக்குப் பருவம் செய்யும் மாற்றம் பெரியது.

ஒரே ஒரு பாத்திதான் இருக்கிறதா? இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் பூண்டு, மறு பாதியில் கம்போஸ்டும் நொறுக்கிய சருகும். அடுத்த ஆண்டு பாதிகளை மாற்றிக்கொள்ளலாம். உறைபனி ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றால் ரையைத் தவிர மற்ற மூடுபயிர்களுக்கு நேரம் முடிந்தது, பூண்டுக்கும் சருகுக்கும் முடியவில்லை. மண்ணுக்குள் விரல் இறங்கும்வரை பூண்டுப் பல்லை ஊன்றலாம், தரை இறுகிய பிறகும் சருகைப் பரப்பலாம்.